பைக் மீனுக்கு எந்த லீடர்: கம்பியா, தடித்த ஃபுளோரோகார்பனா?

புதுத்தூண்டில்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். தூண்டில் பிடிக்கத் தொடங்கி இது மூன்றாவது பருவம். இதுவரை பாஸ், பேர்ச் ஆகிய மீன்களைத் தேடியே போய்வந்தேன். கடந்த மே மாதக் கடைசியில் பிக்கரிங்கில் உள்ள ஃபிரெஞ்ச்மன்ஸ் குடாவின் நாணற்கரையில் நின்றபோது, ஒரே காலைப்பொழுதில் இரண்டு செயற்கை இரைகளைப் பைக் மீனிடம் பறிகொடுத்தேன்.

பிரதான இழை 30 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னல் இழை. அதன் முனையில் ஒன்றரை அடி நீளத்துக்கு 20 இறாத்தல் ஃபுளோரோகார்பன் (நைலோன்போன்ற ஒற்றைப் பிளாஸ்டிக் இழை) லீடர், அதாவது பிரதான இழைக்கும் இரைக்கும் நடுவே வரும் துண்டு, கட்டியிருந்தேன். பைக் மீனுக்கும் இதுவே போதும் என்று கடையில் சொல்லித்தான் தந்தார்கள். இரண்டு தடவையும் ஒன்றுபோலவே நடந்தது. கோலில் பலமாக ஒரு குத்து விழுந்தது. முள் தைக்கட்டும் என்று வெட்டி இழுத்தேன். மூன்று நான்கு நொடி நல்ல பாரம் தெரிந்தது. பிறகு இழை காற்றைச் சுற்றுவதுபோல் வெறுமையாக வந்தது. எடுத்துப் பார்த்தால் நுனி சவர அலகால் சீவியதுபோலச் சரிவாக வெட்டுப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு இழை வெள்ளை பூத்துச் சொரசொரத்துக் கிடந்தது.

இரையின் விலையை விட வேறொன்று மனத்தை உறுத்துகிறது. இரண்டாவதாகப் போன இரையில் இரண்டு மும்முனை முட்கள் இருந்தன. வாய் தைக்கப்பட்ட நிலையில் அந்த மீன் இரை தின்ன முடியாமல் திரியுமே என்பதை நினைத்தால் அடுத்த தடவை வீசவே தயக்கமாக இருக்கிறது.

கம்பி லீடர் வாங்குவதா, இன்னும் தடித்த ஃபுளோரோகார்பன் வாங்குவதா என்பதே என் முதற்கேள்வி. எத்தனை இறாத்தல், எவ்வளவு நீளம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கம்பியைக் கண்டால் மீன் இரையைத் தொடாது என்று சிலர் சொல்வது உண்மையா?

கரையூரான்:

தம்பி, உங்கள் இழை அறுந்த விதத்திலேயே விடை இருக்கிறது.

பைக்கின் வாயில் இரண்டு விதமான பற்கள் உண்டு. கீழ்த்தாடையின் இரு ஓரங்களிலும் ஊசிபோல நிமிர்ந்து நிற்கும் பெரிய பற்கள் இரையைத் துளைத்துப் பிடிப்பதற்கானவை. மேலண்ணத்தில் தூரிகைபோல அடர்ந்து, தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும் சிறு பற்கள், பிடித்த இரை பின்னால் வழுக்காமல் உள்ளே மட்டும் நகரும்படி பார்த்துக்கொள்கின்றன. மீன் தலையை உதறும்போது உங்கள் இழை முதலில் அந்தச் சிறு பற்களில் உரசுகிறது. நீங்கள் கண்ட வெள்ளைச் சொரசொரப்பு அதனால் வந்தது. பிறகு, இறுகி நிற்கும் இழை கீழ்த்தாடைப் பல்லின் ஓரத்தில் ஒரு தடவை பட்டாலே கதை முடிந்துவிடும். தையற்காரர் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலின் அலகை மெல்லத் தொடவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தளர்ந்து கிடக்கும் நூல் அவ்வளவு இலகுவாக அறாது.

பொட்டலத்தில் போட்டிருக்கும் இறாத்தல் கணக்கு, எவ்வளவு பாரத்தில் இழை அறும் என்பதை மட்டும் சொல்கிறது. பல்லில் உரசினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே 20 இறாத்தலை 30 ஆக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரெய்ட் இதைவிட மோசம்: மெல்லிய பல நார்களைப் பின்னிச் செய்த அந்த இழை பல்லில் பட்டதும் போய்விடும்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் அறுக்குளாவுக்கும் சீலாவுக்கும் தூண்டில் போட்டவர். முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி முறுக்காமல் தூண்டிலைக் கடலில் இறக்கமாட்டார். வன்னிக் குளங்களில் வாளைக்கு அவர் கம்பி போட்டு நான் பார்த்ததில்லை. வாளையின் பற்கள் சிறியவை, பட்டை பட்டையாக நெருங்கியிருப்பவை; அரத்தில் வைத்ததுபோலத் தங்கூசியை (நைலோன் இழையை) தேய்க்குமே தவிர ஒரே வெட்டில் சீவாது. அதனால் தடித்த தங்கூசியே அதற்குத் தாக்குப்பிடித்தது. பைக் இந்த விடயத்தில் அறுக்குளாவின் பக்கம்.

நீங்கள் தொடக்கநிலையில் இருப்பதால் கம்பியையே வாங்குங்கள். கடையில் மூன்று வகை கிடைக்கும். ஒற்றைத் துருவேறாக் கம்பி மலிவானது, விறைப்பானது. ஆனால் ஒரு தடவை மடிந்தால் அந்த மடிப்பு போகாது, அடுத்த இழுப்பில் அங்கேயே முறியும். ஏழு மெல்லிய கம்பிகளை முறுக்கிய வகை வளைந்துகொடுக்கும், விலையும் மட்டு. ஒரு பெரிய மீன் உருண்டு புரண்டால் அது சுருண்டுவிடும். அப்போது மாற்றிவிட வேண்டியதுதான். டைட்டேனியம் என்று விற்பது நிக்கலும் டைட்டேனியமும் கலந்த உலோகம். வளைத்தால் மறுபடி நேராகிவிடும் தன்மை அதற்கு உண்டு. விலை மும்மடங்கு இருந்தாலும் கவனமாக வைத்திருந்தால் பல மீன்களுக்கு வரும்.

30 இறாத்தல் பிரெய்டுக்கு 30 இறாத்தல் கம்பி, 30 சென்ரிமீற்றர் நீளம் போதும். அந்தத் தடிப்பில் கம்பி அரை மில்லிமீற்றரை விட மெல்லியது. இதைவிடக் குட்டையான லீடர்களும் விற்கிறார்கள், வாங்காதீர்கள். மீன் உருளும்போது இழை செவுள்மூடியைச் சுற்றிக்கொள்ளும். செவுளுக்குள்ளும் கூரிய முனைகள் உண்டு.

மஸ்கிப்பித்தன்:

கரையூரான் ஐயா சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஃபுளோரோகார்பனை முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நான் கவார்த்தா ஏரிகளில் பல ஆண்டுகளாக, பைக்கின் பெரிய உறவான மஸ்கிக்குப் போகிறவன். என் பெட்டியில் இருக்கும் லீடர்களில் முக்கால்வாசி ஃபுளோரோகார்பன்தான். வேறுபாடு தடிப்பில் இருக்கிறது: நான் பாவிப்பது 100 முதல் 130 இறாத்தல் வரையானது, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அதைக் கையில் எடுத்தால் மீன்பிடி இழை என்றே தோன்றாது, புல்வெட்டும் இயந்திரத்தின் நைலோன் கயிறுபோல இருக்கும். பல் அதில் இறங்கும், கீறும், ஆனால் ஒரே வெட்டில் ஊடறுக்க முடியாமல் நிற்கும். அவ்வளவே அதன் பாதுகாப்பு.

இதைத் தண்ணீரில் தெரியாத இழை என்று சொல்லி விற்பதை நம்பி வாங்காதீர்கள். தண்ணீரின் ஒளிமுறிவுக் குணகம் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, நைலோனுக்கு 1.5-க்குச் சற்று மேல். எனவே நைலோனை விடக் குறைவாகத் தெரியும் என்பது சரி. ஆனால் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள எதுவும் தெளிந்த தண்ணீரில் எனக்கே தெரிகிறது, மீனுக்குத் தெரியாமலா போகும்? நான் அதை விரும்புவது வேறு காரணங்களுக்காக. அது மடிந்து முறுகாது. இந்த ஏரிகளில் கற்களெங்கும் ஒட்டியிருக்கும் வரிக்குதிரைச் சிப்பிகளின் ஓரத்தில் உரசினாலும் தாங்கும். மேலும் மஸ்கிக்காரர் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இரையைத் தூக்குமுன் கோல்நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வடிவில் சுழற்றுவோம். படகு வரை பின்தொடர்ந்து வந்த மீன் பல தடவை அங்கேதான் கடிக்கும். அந்தச் சுழற்சியில் லீடர் கோல்நுனியோடு உரசிக்கொண்டே இருப்பதால், அங்கே கம்பி சீக்கிரம் சிதைகிறது. படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்லும்போது 90 சென்ரிமீற்றர் முதல் 120 வரை நீளம் வைக்கிறேன், வீசும்போது 30 முதல் 40 வரை.

இதிலும் விலக்கு உண்டு. இழுத்து நிறுத்தி இழுத்து நிறுத்தி ஓட்டும் சறுக்கு இரைகளுக்கு விறைப்பான ஒற்றைக் கம்பியே நல்லது. இரை நிற்கும் நொடியில் மென்மையான லீடர் தொய்ந்து முள்ளில் கொளுவிக்கொள்ளும்; விறைத்த கம்பி அப்படித் தொய்வதில்லை.

நீங்கள் செய்யக்கூடாத ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 40, 50, 60 இறாத்தல் ஃபுளோரோகார்பன் என்று நடுவில் ஒன்றை வாங்காதீர்கள். பத்து பைக்கில் எட்டை அது கரைசேர்த்துவிடும். அதனால் அதை நம்பத் தொடங்கிவிடுவீர்கள். மிஞ்சிய இரண்டு முள்ளோடு போகும். பைக் உள்ள நீரில் 80-க்குக் குறைந்ததை நான் கட்டுவதில்லை.

இன்னொன்று. இவ்வளவு தடித்த இழையை முடிச்சுப் போட்டு இறுக்க முடியாது, கிரிம்ப் எனும் சிறு உலோகக் குழலுக்குள் கோத்து நசுக்கித்தான் பூட்ட வேண்டும். இரட்டைத் துளையுள்ள குழலை எடுத்து, இழை இரண்டு துளைகளிலும் சற்று இறுக்கமாகவே நுழைகிறதா என்று பாருங்கள். குழலின் நடுப்பகுதியை மட்டும் நசுக்கி, இரு விளிம்புகளையும் ஒரு மில்லிமீற்றருக்குத் தொடாமல் விடவேண்டும். விளிம்பு வரை நசுக்கினால் குழலின் வாயே இழையை அறுக்கும் கத்தியாகிவிடும். சாதாரணக் குறடு பயன்படாது. அதன் பற்கள் குழலைச் சப்பையாக்கும். கிரிம்ப் செய்வதற்கென்றே குழிந்த வாயுள்ள குறடு விற்கிறார்கள்.

பனித்துளை:

மேலே இருவரும் வீசிப் பிடிப்பதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். நான் குளிர்காலத்தில் சிம்கோ ஏரியின் குக்ஸ் குடாவில் பனியைத் துளைத்து, இறந்த மீனை இரையாக வைத்துப் பைக் பிடிப்பவன். அங்கே கம்பி, கம்பி மட்டும். ஓடும் செயற்கை இரையைப் பைக் பக்கவாட்டில் பாய்ந்து கவ்வும்போது முள் பெரும்பாலும் வாயின் ஓரத்தில் தைக்கிறது. கிடக்கும் இரையை அது அப்படிக் கவ்வுவதில்லை. குறுக்காகப் பிடித்துச் சற்றுத் தூரம் போய் நின்று, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். அதற்குள் லீடரின் பெரும்பகுதி பற்களுக்கிடையில் கிடந்து நிதானமாக அரைபடும். அப்படி அரைக்க நேரம் கொடுத்தால் எவ்வளவு தடித்த ஃபுளோரோகார்பனும் நிற்காது.

அதனால் 49 இழைக் கம்பியில், 50 சென்ரிமீற்றர் நீளத்தில், இரண்டு சிறிய மும்முனை முட்களை முன்னும் பின்னுமாக வைத்து நானே கட்டுகிறேன். ஒரு முள் இரையின் முதுகுத் துடுப்பருகே, மற்றது செவுளுக்குப் பின்னால். துளையருகே கடியைக் காட்ட வைத்திருக்கும் கொடி நிமிர்ந்த உடனே போய் இழுத்துவிட வேண்டும். விழுங்கட்டும் என்று காத்திருந்தால் முள் வயிற்றுக்குள் போய்விடும், அந்த மீனைத் திருப்பி விடுவதில் பயனில்லை. ஒன்ராறியோவில் ஓர் இழையில் நான்கு முட்களுக்கு மேல் கூடாது என்பது சட்டம். ஒரு மும்முனை முள் ஒன்றாகவே கணக்கிடப்படுவதால் இந்த அமைப்புக்குத் தடையில்லை.

டைட்டேனியம் பற்றி ஓர் எச்சரிக்கை. துருவேறாக் கம்பி கெட்டுப்போனால் சுருண்டோ மடிந்தோ காட்டிக்கொடுக்கும். டைட்டேனியம் கடைசி நாள் வரை புதிதுபோலவே நேராக இருக்கும். போன மாசியில் என்னுடையது ஒன்று, சுவிவலின் (இழை முறுகாமல் சுழலும் இணைப்பின்) கழுத்தில், மீனே இல்லாமல் இரையைத் துளையிலிருந்து தூக்கும்போது முறிந்து விழுந்தது. இரண்டு பருவம் ஓடியது என்பதற்காக மூன்றாவது பருவத்துக்கும் வைத்திருந்தது என் பிழை.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. லீடர் அறுந்தது என்று நாம் நினைக்கும் இடங்களில் சில தடவை ஸ்னாப், அதாவது இரையை லீடரில் மாட்டும் கொளுவி, திறந்திருக்கும். மெல்லிய தகட்டுக்குள் கம்பியைச் செருகிப் பூட்டும் மலிவான ஸ்னாப்பைப் பெரிய பைக் தலையை ஒரு உதறு உதறித் திறந்துவிடும். கம்பியின் நுனி கொக்கிபோல வளைந்து தன் மீதே பூட்டிக்கொள்ளும் வகையைத் தேடி வாங்குங்கள்.

புதுத்தூண்டில்:

மூவருக்கும் நன்றி. இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை. ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. நான் நிற்கும் அதே கரையில்தான் பாஸ் மீனும் கிடைக்கிறது. அதன் பருவம் திறந்ததும் 7 முதல் 10 கிராம் வரையான சிறிய இரைகளை வீசுவேன். அவற்றின் முன்னால் கம்பியைக் கட்டினால் இரையின் ஆட்டம் கெட்டுவிடாதா? கம்பிக்குப் பாஸ் மிரளாதா?

கரையூரான்:

ஆட்டம் கெடுவது கம்பியால் என்பதை விட, அதன் நுனியில் தொங்கும் பெரிய ஸ்னாப்பாலும் சுவிவலாலும்தான் அதிகம். 10 கிராம் இரைக்கு மஸ்கி ஸ்னாப்பை மாட்டினால் அது மூக்கில் பூட்டுத் தொங்குவதுபோலக் குனிந்துகொண்டுதான் நீந்தும். இரைக்கு ஏற்ற மிகச் சிறிய, ஆனால் பலமான ஸ்னாப்பை வையுங்கள். பனித்துளை சொன்ன 49 இழைக் கம்பி 20 இறாத்தலிலும் வருகிறது. நூல்போல மென்மையானது, அதிலேயே முடிச்சுப் போடலாம். எட்டு வடிவ முடிச்சு போட்டு, எச்சில் தடவி மெதுவாக இறுக்கினால் நிற்கும். சில மீன்களுக்குப் பிறகு தனித்தனி இழைகள் அறுந்து முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரல்நுனிகளால் மெல்ல உருவிப் பாருங்கள், குத்தினால் மாற்றிவிடுங்கள்.

மிரளுவதைப் பற்றி: விரைவாகச் சுழன்று ஓடும் இரையைக் கவ்வ வரும் மீனுக்கு லீடரை ஆராய நேரமில்லை. கலங்கல் நீரில் கேட்கவே வேண்டாம். அடியில் மெதுவாக நகர்த்தும் மென்புழுவைத் தெளிந்த நீரில் போடும்போது கம்பியால் கடி குறைவதை நானும் கண்டிருக்கிறேன். அந்த வகைப் பிடிப்பைப் பைக் இல்லாத கரைக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டேன். கடி குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் முடிவு, எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

மஸ்கிப்பித்தன்:

நானும் ஒத்துக்கொள்கிறேன், ஐயா. தம்பிக்கு இன்னொரு யோசனை. எந்த லீடரை நீங்களே கட்டினாலும், தண்ணீருக்குக் கொண்டுபோகுமுன் நிறுத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போகும்போது பயணப்பெட்டி நிறுக்க வாங்கிய கைத்தராசு நம் எல்லோர் வீட்டிலும் கிடக்கிறது. ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கொளுவி, மறுமுனையைத் தராசில் மாட்டி இழுங்கள். 30 இறாத்தல் என்றால் 13 கிலோவுக்குச் சற்று மேல். கண்ணாடி போட்டுக்கொண்டு இழுங்கள். அறுந்து தெறித்தால் நேரே முகத்துக்குத்தான் வரும்.

புதுத்தூண்டில்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஏழு இழைக் கம்பியும் ஒற்றைத் துளைக் குழல்களும் நல்லதொரு குறடும் வாங்கி, சமையலறை மேசையில் 30 சென்ரிமீற்றர் நீளத்தில் ஆறு லீடர்கள் செய்தேன். தராசில் முதலாவது 6 கிலோவிலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அறவில்லை, குழலுக்குள்ளிருந்து கம்பி உருவிக்கொண்டது. இரண்டாவது 9 கிலோ. மூன்றாவதிலிருந்து குழலுக்குள் கம்பியை இரண்டு தடவைக்குப் பதிலாக மூன்று தடவை கோத்து நசுக்கினேன். அது 14 கிலோ வரை அசையவில்லை.

நேற்று விடியற்காலை அதே நாணற்கரையில் 74 சென்ரிமீற்றர் பைக் ஒன்று பிடிபட்டது. கரைக்கு வந்த பிறகும் இரண்டு தடவை உருண்டது. மேல்வாயின் ஓரத்தில் ஒரே ஒரு முனைதான் தைத்திருந்தது. நீளமூக்குக் குறட்டால் கழற்றி, வாலடியைப் பிடித்துத் தண்ணீரில் வைத்திருந்தேன், அரை நிமிடத்தில் கையை உதறிக்கொண்டு போய்விட்டது. லீடரைப் பார்த்தால் பாகற்கொடியின் பற்றுச்சுருள்போலச் சுருண்டு கிடந்தது. ஓரிடத்தில் வெளிக்கம்பி ஒன்று அறுந்து விரலில் குத்தியது. வெட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டாவதை மாட்டினேன்.

முதல் இரண்டும் ஏன் வழுக்கின என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. குழலைப் பலமாகத்தான் நசுக்கினேன்.

மஸ்கிப்பித்தன்:

வாழ்த்துகள் தம்பி. குழல் ஓர் அளவு பெரிதாக இருந்திருக்கும். கம்பியை மூன்றாவது தடவை கோத்தபோது உள்ளே இருந்த இடைவெளி நிரம்பியதால்தான் பிடித்தது. ஏழு இழைக் கம்பிக்கு மூன்று தடவை கோப்பதே முறை, அதை மாற்றவேண்டாம். அடுத்த பொட்டலத்தை மட்டும் ஓர் அளவு சிறிதாக எடுத்து, கம்பி மூன்றாவது தடவை சிரமப்பட்டு நுழைகிறதா என்று கடையிலேயே கோத்துப் பாருங்கள்.